ஆடுகளைப் பிரித்து அடைப்பது: கேள்வி பதில்

கேள்வி: முப்பது ஆடுகளையும் ஒரே கொட்டகையில் அடைக்கிறேன். பிரித்தே ஆக வேண்டுமா?

பதில்: தீவனம் போட்டதும் போய்விடாமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கொம்புள்ள பெரிய ஆடுகள் தொட்டியை மறித்துக்கொள்ளும். நிறைசினை ஆடு முட்டு வாங்கப் பயந்து பின்னால் நிற்கும். மற்றவை நகர்ந்த பிறகு மிஞ்சிய தண்டைக் கடிக்கும். நீங்கள் போடும் அளவு சரிதான், போய்ச் சேரும் வாய்தான் வேறு. வயிற்றுக் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஆறு வாரத்தில். அப்போது தீனி குறைந்தால் தாய் தன் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு எழ முடியாமல் படுத்துவிடுவதும் உண்டு. சினைக்காலம் சுமார் 150 நாள். 100 நாள் தாண்டியதும் தனியே பிரித்து, அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீனி) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: கிடாக்குட்டிகளை எப்போது பிரிப்பது?

பதில்: மூன்று மாதம் முடிந்ததும். நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் குட்டிகள் உண்டு. நான் ஒருமுறை தள்ளிப்போட்டேன். உடம்பு தேறாத ஒரு பெட்டைக்குட்டி சினையாகி, ஈன முடியாமல் இறந்துபோனது. இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய ஆடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்றே சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி புகுந்து பெரும்பாலும் 4 முதல் 6 நாள் கழித்துத்தான் காய்ச்சலே தெரியும். ஒரு மாதம் தனி இடம், தனித் தண்ணீர்த் தொட்டி. மூக்கோடு மூக்கு உரசும் வேலி தடுப்பே ஆகாது. அப்புறம் சேர்க்கும்போது ஒற்றையாக விடாதீர்கள், மொத்தப் பட்டியும் அதையே முட்டும். இரண்டு மூன்றாக விடுங்கள்.

கேள்வி: பிரித்து வைத்தும் குட்டிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லையே?

பதில்: காலையில் எந்த வரிசையில் போகிறீர்கள்? நோய் ஆட்டைப் பார்த்த அதே செருப்போடும் வாளியோடும் குட்டிகளிடம் போனால் தடுப்பு கட்டியும் பயனில்லை. முதலில் குட்டிகள், பிறகு சினை ஆடுகள், அடுத்து மற்றவை, நோய் ஆடு கடைசி. குட்டிகளையும் வயதுவாரியாகப் பிரியுங்கள். வளர்ந்த குட்டி துள்ளி விளையாடும், ஆனால் அதன் புழுக்கையில் ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கலாம். பிஞ்சுக் குட்டி அதில்தான் வாய் வைக்கும். கழிச்சல் தொடர்ந்தால் புழுக்கையைப் பரிசோதித்த பிறகே மருந்து கொடுங்கள்.

கேள்வி: கறவை மாட்டுக்கும் இதே வரிசையா?

பதில்: ஆமாம். மடிநோய் வந்த மாட்டைக் கடைசியில் கறங்கள்.

கேள்வி: தனிக் கொட்டகை கட்ட இடமில்லை.

பதில்: நகர்த்தும் தட்டி இரண்டு போதும். ஒன்றில் குட்டி மட்டும் நுழையும் சந்து விட்டு, உள்ளே தீவனம் வையுங்கள். இன்னொன்றை நிறைசினை ஆடுகளுக்கு. நோய் ஆட்டையும் புது ஆட்டையும் மட்டும் அந்தக் கூரையின் கீழ் வைக்காதீர்கள்.