உக்கிராண உள்ளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? – கேள்வி பதில்

சமையலறையை ஒட்டி உக்கிராண உள், அதாவது சாமான் அறை, போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. கும்பகோணம் சுற்று வட்டாரத்தில் வீடு கட்டிக்கொடுத்தே முடி நரைத்தவன் நான். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

திருவாரூரிலிருந்து ஓர் அம்மா: புது வீட்டு பிளானில் மகன் ‘பட்லர் பேன்ட்ரி’ என்று ஓர் அறை போட்டிருக்கிறான். ஸ்டோர் ரூம் என்றால் தெரியும். இது என்ன?

ஸ்டோரில் சாமான் மட்டும் இருக்கும். இதில் கொஞ்சம் வேலையும் நடக்கும், அவ்வளவுதான் அம்மா. இங்கிலாந்தில் பெரிய வீடுகளில் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இப்படி ஓர் அறை இருந்தது. வெள்ளிப் பாத்திரமெல்லாம் பட்லர் பொறுப்பில் அங்கேதான் இருக்கும். உங்கள் மாமியார் வீட்டு உக்கிராண உள்ளில் ஒரு மேடையும் நாலு பிளக் பாயிண்டும் சேர்த்துக்கொண்டால் மகன் கேட்பது வந்துவிடும். மிக்ஸி, கிரைண்டர், அப்பளம் வடாம் டின், சீர் வந்த பித்தளை எல்லாம் கண்ணை விட்டு மறையும். போடச் சொல்லுங்கள்.

மன்னார்குடி: இடம் 10 அடிக்கு 6 அடி. கையில் ஒன்றரை லட்சம். ஆசாரி அலமாரிக்குச் சதுர அடி 1,400 ரூபாய் சொல்கிறார். கட்டுப்படியாகுமா?

தம்பி, முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்தச் சதுர அடி?” 7 அடி உயரம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஓர் அலமாரி என்று வையுங்கள். முகப்பை மட்டும் அளந்தால் 28 சதுர அடி, 39,200 ரூபாய். பலகையை அளந்தால் கதை வேறு. பக்கம் இரண்டும் 21, மேலும் கீழும் 12, நடுத்தட்டு நாலு 24, முதுகு 28, கதவு 28. மொத்தம் 113 சதுர அடி. அதே ரேட்டைப் போட்டால் 1,58,200. ஒரே அலமாரியில் உங்கள் பணம் காலி! இரண்டு விதமாகவும் ரேட் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். எது என்று எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டின் தர எண்) முத்திரை பலகையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், பில்லில் மட்டும் இருந்தால் போதாது.

என்னைக் கேட்டால் அலமாரியே வேண்டாம். ஒரு பக்கம் 15 அங்குல ஆழத்தில் கடப்பாக்கல் தட்டு, எதிர்ப்பக்கம் 18 அங்குல மேடை. நடுவில் 39 அங்குலம் நடக்கக் கிடைக்கும், கையில் அண்டாவோடு திரும்பலாம். ஐந்து தட்டுக்குக் கல் அறுபத்து மூன்று சதுர அடிதான் வரும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று அடிக்கு ஒரு செங்குத்துக் கல் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சுவரில் காடி வெட்டிச் சொருகலாம் என்பார். 9 அங்குலச் சுவர் என்றால் சரி, நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் வெட்டவே விடாதீர்கள். ஒரு குறை உண்டு: கடப்பா சுண்ணாம்புக் கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுத்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் தட்டு வையுங்கள்.

பணத்தை நான் பிரித்தால்: சுவர், தரை, ஜன்னலுக்கு 40,000. வயரிங் 20,000. கல்லும் மேடையும் 45,000. மேடைக்குக் கீழே மட்டும் கதவு வைக்க 30,000. மிச்சம் 15,000-ஐத் தொடாதீர்கள். சுவரை உடைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். ஊர்க் கூலிக்கேற்ப இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே நகரும்.

கும்பகோணம்: பழைய நீள வீடு, இரு பக்கமும் பொதுச் சுவர். நடு உள்ளைப் பேன்ட்ரி ஆக்க ஆசை. முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. புட்டி அடித்து மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். இதில் நானே சூடு பட்டவன். இதே மாதிரி ஒரு வீட்டில் ஓதச் சுவரோடு ஒட்டி பிளைவுட் அலமாரி வைத்தேன். அடுத்த கார்த்திகையில் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். போய் அடித்தட்டில் விரலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிற்று. உள்ளே மண்ணும் கரையானும்தான். என் கைக்காசில் மாற்றிக்கொடுத்தேன்.

ஈரம் தரைக்குக் கீழிருந்து ஏறுகிறது. பழைய சுவர்களுக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓர் அடி வரை பூச்சை உரித்து, செங்கல்லைக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். சித்திரை, வைகாசியில் செய்தால்தான் காயும். ஐப்பசியில் ஆரம்பித்தால் பொங்கலுக்கும் ஈரம்தான். தட்டுகளைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 6 அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். முற்றத்துப் பக்கம் மேலே ஒரு வென்டிலேட்டர் வைத்தால் வெளிச்சமும் காற்றும் வரும். இவ்வளவுக்கும் பணம் போதவில்லை என்றால் தட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம்: எவர்சில்வர் ரேக் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, துரு புள்ளி விழுகிறது.

உப்புக்காற்று, சார். மலிவான ரேக் பெரும்பாலும் 202 ரகம். உங்கள் ஊருக்கு 304 கேளுங்கள், விலை கூடும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள், 202-லும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். 304-ஐயும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்புப் போகத் துடைக்க வேண்டும்.

பாபநாசம்: மாற்று சிலிண்டரைப் பேன்ட்ரியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சமையல் காஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். சுவிட்சும் பிளக்கும் உள்ள மூடிய அறையில் அது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் இந்த அறைக்குள் வேண்டாம்.

மயிலாடுதுறை: சிங்க் வேண்டுமா, வேண்டாமா? வீட்டில் இரண்டு கட்சி.

சமையலறை சிங்க் பத்தடிக்குள் இருந்தால் வேண்டாம் கட்சிக்கே என் ஓட்டு. குழாய் என்றால் கசிவு, கசிவு என்றால் கரப்பான், பக்கத்திலேயே அரிசி. அந்தக் காசில் கிரைண்டருக்கு ஒரு 16 ஆம்பியர் பாயிண்டும், மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். டேபிள்டாப் கிரைண்டர் வைக்கும் இடத்தில் மட்டும் மேடை 28 அங்குல உயரம் போதும். தோளை உயர்த்திக்கொண்டு மாவு வழித்தால் மறுநாள் கை தூக்க முடியாது, வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

திருவையாறு: சொந்த வயல் நெல். தையில் அறுத்து, அரைத்து, வருடம் முழுக்க அரிசியாக வைக்கலாமா?

அரிசியாக வைத்தால் சித்திரை வெயிலிலேயே வண்டு வரும். நெல்லாகவே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கட்டும், மில்லில் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். மூட்டை தரையில் படக்கூடாது, கட்டை போட்டு அடுக்குங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். அரிசி டின்னில் காய்ந்த மிளகாயோ வசம்போ போடுவது நம் பாட்டிகள் பழக்கம், நானும் போடுகிறேன்.

எலிக்கு ஒரு வார்த்தை: கதவின் அடியில் சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும். கீழ் விளிம்பில் தகடு அடித்து, வென்டிலேட்டருக்குக் கம்பி வலை போடுங்கள். நைலான் கொசுவலையை அது ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.