இங்கிலாந்து அரசுப் பள்ளியில் கவர்னர்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கவர்னர் என்றால் இங்கே பள்ளியின் ஆட்சிக் குழு உறுப்பினர். கவுன்சில் பள்ளிகளை, அதாவது உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளை, வைத்தே பதில் சொல்கிறேன். அகாடமி (அரசுப் பணத்தில் நடந்தாலும் கவுன்சிலின் கீழ் இல்லாத பள்ளி) என்றால் சில விதிகள் மாறும்.

அக்கா, நான் கவர்னர் ஆனால் மகளின் டீச்சரைப் பற்றிய குறையை நேரே பேசித் தீர்க்கலாமா?

முடியாது. தனி ஒரு கவர்னருக்கு அதிகாரமே கிடையாது, முடிவெல்லாம் குழுவாகத்தான். மகள் விஷயத்தில் நீங்களும் எல்லா அம்மாக்களையும் போல டீச்சர், அப்புறம் ஹெட் டீச்சர் என்றுதான் போக வேண்டும். பள்ளி வாசலில் யாராவது பிடித்துவைத்துக் குறை சொன்னாலும், புகார் கொடுக்கும் வழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தப் புகார் கடைசியில் கவர்னர்கள் முன்னால் விசாரணைக்கு வரலாம். முன்பே கதை கேட்டவர் அதில் உட்காரக் கூடாது.

அப்படியென்றால் கவர்னருக்கு என்னதான் வேலை?

பள்ளி போக வேண்டிய திசையை முடிவு செய்வது, படிப்பின் தரத்துக்கு ஹெட் டீச்சரிடம் கணக்குக் கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. பள்ளியை நடத்துவது அவர் வேலை, அதில் மூக்கை நுழைக்காதீர்கள்.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே தாள்கள் வந்துவிடும். பலர் கூட்டத்தன்று மாலை பஸ்ஸில்தான் பிரிக்கிறார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்காக அரசு தரும் ‘பியூப்பில் பிரீமியம்’ பணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். “கூடுதல் வாசிப்பு வகுப்பு வைத்தோம்” என்று அறிக்கையில் இருக்கும். சரி, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? வந்தவர்களின் வாசிப்பு முன்னேறியதா? இல்லையென்றால் இந்த வருடமும் அதற்கே ஏன் பணம்? இப்படிக் கேட்டது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். தலையாட்டிவிட்டு டீ குடித்துப் போக கவர்னர் எதற்கு?

ஒரு பிள்ளையைப் பள்ளியைவிட்டே நீக்கினால், தடுக்க முடியுமா அண்ணா?

அண்ணா இல்லை, அக்கா! நிரந்தரமாக நீக்கினால் கவர்னர்கள் 15 பள்ளி நாட்களுக்குள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். பெற்றோர் நேரில் வந்து பேசலாம். திரும்பச் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் கவர்னர்களுக்கு உண்டு. இருக்கிற வேலையிலேயே மனதை அழுத்துவது இதுதான்.

சம்பளம் உண்டா? வேலையிடத்தில் விடுவார்களா?

சம்பளம் இல்லை. கவுன்சில் பள்ளிக் கவர்னர் என்றால் நியாயமான அளவு நேரம் விடச் சட்டம் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கூலி தரவேண்டும் என்று கட்டாயமில்லை.

மகன் அடுத்த வருடம் செகண்டரிக்குப் போகிறான். பேரன்ட் கவர்னர் (பெற்றோர் சார்பில் வரும் கவர்னர்) பதவி போய்விடுமா?

போகாது. வழக்கமாக நான்கு வருடம், அது முடியும்வரை இருக்கலாம்.