கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, எனக்கு இல்லை. சோதனையில் தவறா?

திருமணமாகி நான்கு வருடம், கணவருக்குப் பாசிட்டிவ், உங்களுக்கு நெகட்டிவ், "இது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகராக இருந்த காலத்தில் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மனைவிகளைவிட மாமியார்களே அதிகம் கேட்பார்கள். "அவனுக்கு வந்திருக்கு, இவளுக்கு மட்டும் எப்படி வராம இருக்கும்?" (உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் ரிசல்ட்டை அவர்களிடம் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.)

சோதனை தவறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சமீபத்தில் தொற்றியிருந்தால் உடனே தெரியாது. அதனால் கடைசியாக ஆணுறை இல்லாமல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அந்தக் கடைசி நாள் இந்த மூன்று நாட்களுக்குள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு.

இப்போது கணக்கு. ஆணுறை இல்லாமல் ஒருமுறை உறவு கொண்டால் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 8, பெண்ணிடமிருந்து ஆணுக்கு 10,000-க்கு 4 என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். வருடத்துக்கு நூறு முறை என்று வைத்தால்கூட மனைவிக்கு ஏறத்தாழ 100-க்கு 8. ஆக, நான்கு வருடம் கழித்தும் உங்களுக்கு நெகட்டிவ் என்பதில் அதிசயம் ஏதுமில்லை. அவருக்கே எப்போது தொற்றியது என்பதும் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்துவிட்டு "அவ்வளவுதானா" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அது சராசரி. தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் எக்கச்சக்கமாக இருக்கும், அப்போது ஆபத்து பல மடங்கு. பிறப்புறுப்பில் புண் இருந்தாலும் கூடும். ஒரே முறையில் தொற்றியவர்களும் உண்டு.

உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வைரல் லோடுதான், அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பது. அதைக் குறைப்பது எச்.ஐ.வி. மருந்து. 2011-இல் வெளிவந்த ஹெச்.பி.டி.என். 052 ஆய்வில் உங்களைப் போன்ற 1,763 ஜோடிகள் இருந்தார்கள், பெரும்பாலும் ஆண்-பெண் ஜோடிகள். சென்னையிலிருந்தும் சேர்ந்திருந்தார்கள். துணையிடமிருந்தே வந்தது என்று உறுதியான தொற்று 28. அதில் 27, மருந்தைத் தள்ளிப்போட்டவர்கள் பக்கம். உடனே தொடங்கியவர்கள் பக்கம் ஒன்றே ஒன்று. அப்புறம் ஐரோப்பாவில் 2016-இல் முடிவு வெளியான பார்ட்னர் ஆய்வு: வைரல் லோடு (ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை) 200-க்குக் கீழே இருந்தவர்களின் ஜோடிகள் 888, ஆணுறையில்லா உறவு சுமார் 58,000 முறை, துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம்.

அதனால் உங்கள் கணவர் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும்) மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. அரசு மையங்களில் 2004 முதல் இலவசம். ஆறு மாதத்தில் வைரல் லோடு எடுப்பார்கள். அது அடங்கியது என்று தெரியும்வரை ஆணுறை கட்டாயம். குழந்தை வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

அவருடைய வைரல் லோடு ரிசல்ட் வாங்க நீங்களும் கூடவே போங்கள். "நல்லாத்தான் இருக்காம்" என்று வீட்டில் வந்து சொல்வதை நம்பாமல், அந்த எண்ணை நீங்களே பாருங்கள்.