படைவீரர் மனநலம்: ஆய்வுகளைத் தொகுப்பதும் ஒரு தொழில்தான்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இளநிலை உளவியல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் படைவீரர் மனநலத்துக்கான ஆய்வுத் தொகுப்புப் பணியை, அதாவது ஒரே கேள்வி குறித்த பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பணியை, விரும்புவதாகவும், நோயாளியையே பார்க்காமல் பிறர் எழுதிய கட்டுரைகளைப் படிப்பதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று வீட்டில் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

சம்பளம் தருகிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் நலத் துறையும் இணைந்து வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகள் இத்தகைய தொகுப்புகளின் மேல்தான் நிற்கின்றன. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கான 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, மருந்தைவிடத் தனிநபர் உளவியல் சிகிச்சைக்கு முன்னுரிமை தருவதோடு, பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை இந்நோய்க்குத் தர வேண்டாம் என்றும் சொல்கிறது.

அதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் பேசவைத்தால் பின்னாளில் மனம் பாதிக்கப்படாது என்ற நம்பிக்கை, 1980களிலிருந்து மீட்புப் பணியாளர்களிடமும் படைகளிலும் பரவியது. தீக்காயமடைந்தோரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், 13 மாதங்களுக்குப் பின் அவ்வாறு பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் இந்நோய் இருந்தது. ஆனால் பேசவைக்கப்பட்ட குழுவினருக்குத் தொடக்கத்திலேயே பாதிப்பு கடுமையாக இருந்ததால், அந்த ஓர் ஆய்வை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. அதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் தொகுப்புதான், ஒரே அமர்வில் பேசவைப்பது நோயைத் தடுப்பதாகச் சான்றில்லை, அதைக் கட்டாயமாக்குவதைக் கைவிட வேண்டும் என்று 2002இல் சொன்னது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே ஒரு சிகிச்சை நல்லதாகிவிடாது என்று அறிய வேறு வழியும் இல்லை.

வேலை பொறுமையைச் சோதிப்பது. தேடலில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைச் சுருக்கங்களை இருவர் தனித்தனியே படித்து எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்வார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பார். விலக்கியதற்கான காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். பரபரப்பை எதிர்பார்ப்பவருக்கு இது ஒத்துவராது.

அமெரிக்க அரசுப் பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை என்பதால், அதை நம்பிக் கல்விக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் இந்தத் திறமை இங்கேயே கற்கக்கூடியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி காக்ரேன் பணியில் நெடுநாள் அனுபவமுள்ள இடம். நோய்ப்பரவலியலும் உயிர்ப்புள்ளியியலும் அடங்கிய பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு நல்ல அடித்தளமாகும். டெல்லியில் இந்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் உண்டெனினும், படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உளவியல் சோதனைகள் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று என்பதை அறிந்து விண்ணப்பிக்கட்டும். நேரடியாகச் சிகிச்சை தர விரும்பினால், இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு தேவை. அது வேறு பாதை.

மகளின் புள்ளியியல் தாள் மதிப்பெண்ணைத் தாங்கள் குறிப்பிடவில்லை. அதையும், அந்தப் பாடத்தை அவர் விரும்பிப் படித்தாரா என்பதையும் தெரிவித்தால், எந்த முதுகலைப் படிப்பு என்பதை அடுத்த கடிதத்தில் உறுதியாகச் சொல்கிறேன்.