நியான் எழுத்து ஒளிரவில்லையா? பின்னணியைப் பாருங்கள்

கேள்வி: இபிஸ் பெயின்ட் என்ற வரையும் ஆப்பில் பிங்க் நியான் எழுத்து வரைகிறேன். வெளிர்சாம்பல் சுவரில் வைத்தால் கறை மாதிரி தெரிகிறது. முழுக் கறுப்பில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கிறது. எந்தப் பின்னணி சரி?

பதில்: கறைக்குக் காரணம் சுவரின் வெளிச்சம். 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் உச்சம் 255. சுவரே 210இல் நின்றால், ஒளி ஏற 45 படிதான் மிச்சம். ஸ்கிரீன், ஆட் ஆகிய பிளெண்ட் மோடுகள் (மேல் லேயர் அடியில் இருப்பதோடு கலக்கும் முறைகள்) வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே செய்யும். வெள்ளைச் சுவரில் அவற்றைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

சரி, அதற்காக முழுக் கறுப்புக்கும் போக வேண்டாம். கலர் டாட்ஜ் என்ற பிளெண்ட் மோடு அடியில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் பெருக்கும். முழுக் கறுப்பு என்றால் சுழியம், அதில் பெருக்க என்ன இருக்கிறது? அதைவிட முக்கியம், நிஜ நியான் குழாயின் ஒளி சுவரில் விழுந்து பரவும். வெறும் கறுப்பில் அது விழ இடமே இல்லை. ஸ்டிக்கர் போலத் தெரிவது அதனால்தான்.

உங்கள் பிங்க்குக்கு நான் எடுப்பது நீலம் கலந்த இருட்டு: சிவப்பு 12, பச்சை 18, நீலம் 34. அதன்மேல் செங்கல் அல்லது பூச்சுச் சுவர் டெக்ஸ்சரை மங்கலாக வையுங்கள். அப்புறம் ஆட் லேயரில் மென்மையான ஏர்பிரஷ்ஷால், 20 முதல் 30 சதவீத ஒபாசிட்டியில் (நிறத்தின் அழுத்தத்தில்) பிங்க் தடவுங்கள். எழுத்துக்குப் பக்கத்தில் செங்கல் விளிம்புகள் பிங்க்காகத் தெரிய வேண்டும். தள்ளிப் போகப் போக இருட்டில் மறைய வேண்டும். இதற்கு நேரம் செலவழியுங்கள், பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

குழாயின் நடுக்கோட்டை அடர் பிங்க்கில் வரையாதீர்கள். அது கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கட்டும், அடர்நிறம் சுற்றிப் பரவும் ஒளியில் வரட்டும். நடுக்கோடு மங்கினால் எந்தப் பின்னணியும் காப்பாற்றாது.

நிறம் மாற்றினால் கணக்கும் மாறும். திரையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், நீலத்தின் பங்கு வெறும் 7. பச்சை எழுத்து சற்று வெளிச்சமான சுவரையும் தாங்கும். நீலத்துக்குப் பின்னணியை இன்னும் இறக்க வேண்டும், இல்லையென்றால் சயான் பக்கம் நகர வேண்டும். சந்தேகம் வந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் பின்னணி சரி.

இருட்டு கிரேடியன்ட்டில் (நிறம் படிப்படியாக மாறும் இடத்தில்) பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். படத்தை அச்சடிக்கும் எண்ணம் இருந்தால், வழக்கமான நாலு நிற மையில் இந்த பிங்க் மங்கித்தான் வரும். முதலில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தமாக ஆர்டர் கொடுங்கள்.