ஊசி போட்ட கையைத் தூக்க முடியவில்லை, அடுத்த ஊசியைப் போடலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 44. நான்கு வாரத்துக்கு முன் வேலையிடத்தில் எல்லாருக்கும் ஃபுளூ ஊசி போட்டார்கள். அன்று இரவே காய்ச்சல், இடது தோளில் வலி. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது, வலி விடவில்லை. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. மேற்பார்வையாளர் 'பனடோல் போடுங்கள்' என்கிறார். ஒருவர், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதம் ஹெப்பட்டைட்டிஸ் பி மூன்றாவது ஊசி. போடலாமா?

பதில்: போடுங்கள் சகோதரி, வலது கையில். நாள் முழுக்க இரத்தத்துக்கு நடுவே வேலை செய்கிற நீங்கள் அந்த ஊசியை விடக்கூடாது. தோள் வலியால் இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு வந்தது இரண்டு வேறு விஷயங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் மருந்தால் வருபவை. இரண்டு மூன்று நாளில் போய்விடும், உங்களுக்கும் போய்விட்டது. தோள் வலி மருந்தால் வந்ததாகத் தெரியவில்லை, ஊசி குத்திய இடத்தால் வந்ததாகவே தெரிகிறது. தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, தசை தடித்திருக்கும் இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால், மூட்டு உரசாமல் இருக்க அங்கே உள்ள சவ்வுப் பைக்குள் மருந்து போய்விடும். அது வீங்கினால் கை எழும்பாது.

இது ஏன் மருத்துவப் பணியாளர்களுக்கே நடக்கிறது? வேலைக்கு நடுவில் வரிசையில் நிற்க வைத்து, சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டு, நின்றபடியே போட்டு அனுப்புகிறார்கள். சட்டையைக் கழுத்துப் பக்கம் இழுத்தால் தோளின் மேற்பகுதிதான் தெரியும், ஊசியும் அங்கேயே இறங்கும். சட்டைக் கையை முழங்கையிலிருந்து மேலே சுருட்டி, போடுபவரும் போட்டுக்கொள்பவரும் உட்கார்ந்து போட்டால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும். நோயாளிக்குக் கொடுக்கும் ஐந்து நிமிடத்தைத் தன் ஊழியருக்குக் கொடுக்காத இடங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் 'சாதாரணம்தான்' என்று ஒரே பதில்.

நான்கு வாரம் ஆன பிறகு பனடோல் மட்டும் போதாது. மருத்துவரிடம் போய் ஊசி போட்ட தேதி, வலி தொடங்கிய நேரம் இரண்டையும் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து மாத்திரையும் பிசியோவும் தருவார்கள். சரியாகச் சில வாரமோ சில மாதமோ ஆகும். அதுவரை கையைக் கழுத்தில் தொட்டில் கட்டி வைக்காதீர்கள், மூட்டு இறுகிவிடும். 'உருட்' எனும் மலாய் மசாஜ் பிடிக்கவும் போகாதீர்கள்.

உங்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களிடம் அதைவிட அதிகம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஊசியே போடாவிட்டாலும் இந்த வயதில் தோள் இறுகலாம். அப்படியிருந்தால் காரணம் ஊசிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிகிச்சையும் மாறும். வலி குறைய தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும், வீட்டில் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏறி வார்டுக்கு வந்தவர்கள் உண்டு. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, அப்புறம் தோள்.

இப்போது அந்த இழப்பீட்டு மனிதர். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அடையாள அட்டை நகலும் கொடுக்காதீர்கள். இவர்கள் காட்டும் 50,000 ரிங்கிட், 500,000 ரிங்கிட் கணக்கு 2021-இல் அரசு கோவிட் தடுப்பூசிக்காக அறிவித்த உதவி. முதலாவது கடும் பாதிப்போடு நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு, இரண்டாவது நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும். ஃபுளூ ஊசிக்கு அது இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் மனுச் செய்ய ஒரு காசும் கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் வேண்டாம். வேலையிடத்தில் போட்ட ஊசி வேலைக் காயமா என்று முடிவு செய்வது பெர்கேசோதான். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு), மருத்துவர் குறிப்பு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து நீங்களே கவுண்டருக்குப் போங்கள். நோயில் விழுந்தவரின் பயத்தில் பங்கு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மருத்துவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்குப் பாதிப்பு அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் பயனீட்டாளருக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, நீங்களே அனுப்பலாம். யாரும் எழுதாததால்தான் வரிசையில் நின்று ஊசி போடும் வழக்கம் அப்படியே ஓடுகிறது.

மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்திக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். எண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. 10-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளோடு மறுபடி மருத்துவரைப் பாருங்கள், திரும்பவும் ஊசி போட வேண்டியிருக்கும்.