பேட்டனின் பாலைவன முகாம்கள்: போய்ப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

கேள்வி: கலிபோர்னியாவில் எர்வைனில் வசிக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் பயிற்சி எடுத்த முகாம்கள் இங்குள்ள பாலைவனத்தில் அப்படியே கைவிடப்பட்டுக் கிடக்கின்றன என்று என் 14 வயது மகன் சொல்கிறான். குடும்பத்தோடு போகலாமா? ஊரிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருக்கிறான். பழைய தோட்டா ஏதாவது கிடைத்தால் எடுத்து வரலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். டிடெக்டரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பாழடைந்த கட்டடங்கள், துருப்பிடித்த டாங்கிகள் எதுவும் அங்கே இருக்காது. நான் முதல் தடவை போனபோது முகாமின் நடுவிலேயே நின்றுகொண்டு, முகாம் எங்கே என்று கால் மணி நேரம் தேடினேன். அங்கே கட்டடம் என்று பெரிதாக எதுவும் கட்டவே இல்லை. எல்லாம் கூடாரங்கள்தான். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரோடு மோத வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், 1942 மார்ச்சில் ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியா, அரிசோனா இரண்டிலும் பரந்து கிடந்த பயிற்சிக் களம் அது. சில மாதங்களில் பேட்டன் கிளம்பிவிட்டார். 1943 மே மாதத்தோடு ஆப்பிரிக்கப் போர் முடிந்துவிட, 1944 வசந்த காலத்தில் களத்தையே மூடிவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அங்கே பயிற்சி பெற்றிருந்தார்கள். போகும்போது கூடாரங்களைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். தரையை எடுத்துப்போக முடியாதே.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது தரையைத்தான். படைவீரர்கள் பாதைகளின் இரு ஓரமும் கல் அடுக்கி வைத்தார்கள். எண்பது வருடம் கழித்தும் அந்த வரிசைகள் கலையாமல் நிற்கின்றன. நேர்க்கோட்டில் ஓடும் கற்களைக் கண்டால் அது முகாமின் தெரு. அந்தப் பகுதித் தரை கூழாங்கற்களை நெருக்கமாகப் பாவியது போல இருக்கும். கற்களின் மேல்பக்கத்தில் இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்பூச்சு படிந்திருக்கும். அது படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு கல்லைப் புரட்டிப் போட்டால் வெளிறிய அடிப்பக்கம் மேலே வந்துவிடும், மறுபடி கறுக்க நம் ஆயுள் போதாது. அன்றைய டாங்கித் தடங்கள் சில இடங்களில் இன்றும் தெரிவது இதனால்தான். நீங்கள் பாதையை விட்டு வண்டி ஓட்டினால் உங்கள் டயர்த் தடமும் அதேபோல நிலைத்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு விஷயம், நேரம். உச்சி வெயிலில் போனால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ போங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும்போதுதான் தெருக்களும் கூடார வரிசைகளும் துலங்கும்.

எங்கே தொடங்குவது? இன்டியோவுக்குக் கிழக்கே சுமார் 48 கிலோமீட்டரில், ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டியே சிரியாக்கோ சம்மிட் என்ற சிற்றூர் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அங்கே 1988இல் திறந்த பேட்டன் நினைவு அருங்காட்சியகத்தில் டாங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறத்தாழ ஐந்து டன் எடையில் ஒரு மேடுபள்ள வரைபடமும் உண்டு. கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டுவரும் கால்வாய்க்காகச் செய்தது அது. அந்தக் கால்வாய் இல்லாவிட்டால் முகாம்களுக்குத் தண்ணீர் ஏது? அதனால் அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு இந்த அருங்காட்சியகமே போதும் என்றாலும் தவறில்லை.

அடுத்து அயர்ன் மவுண்டன். கலிபோர்னியா பக்கத்து முகாம்களில் நன்றாக மிஞ்சியிருப்பது இதுதான் என்பது என் கருத்து. கல்லடுக்கிக் கட்டிய வழிபாட்டு மேடை, மலையும் பள்ளமும் சிறிய அளவில் தெரியும்படி தரையில் செய்த பெரிய நில மாதிரி, தெருக்கள் எல்லாம் இருக்கின்றன. ஐ-10 மேலேயே உள்ள டெசர்ட் சென்டர் என்ற ஊரிலிருந்து 177ஆம் எண் சாலையில் வடக்கே போய் 62ஆம் எண் சாலையைப் பிடிக்க வேண்டும். கடைசிக் கொஞ்ச தூரம் மண் சாலை. உயரமான வண்டி நல்லது. வேலி இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். தரை ஏறக்குறைய சமதளம்தான், ஒரு கைத்தடி இருந்தால் அப்பா சமாளித்துவிடுவார்.

மகனுக்குப் பிடிக்கும் இன்னொன்று அரிசோனாவின் கேம்ப் பவுஸ். டாங்கியின் மேல் பிரம்மாண்டமான வில்விளக்கு (மின்பொறியால் பளீரென்று எரியும் ஆர்க் விளக்கு) பொருத்தி இரவில் எதிரியின் கண்ணைக் கூச வைக்கும் ரகசியப் பயிற்சி அங்கே நடந்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அதற்கு ‘கால்வாய்ப் பாதுகாப்பு விளக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தனிப் பயணம், ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

சரி, டிடெக்டருக்கு வருவோம். கலிபோர்னியா பக்கத்து முகாம்கள் பெரும்பாலும் பி.எல்.எம். என்ற அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையின் பொறுப்பிலுள்ள கூட்டரசு நிலம், வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுபவை. துருப்பிடித்த உணவு டப்பாவாக இருந்தாலும் எடுப்பது குற்றம். தோண்டவும் கூடாது. சட்டத்தை விடப் பெரிய காரணம், இங்கே நிஜக் குண்டுகளை வைத்துத்தான் சுட்டுப் பழகினார்கள். வெடிக்காத ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, துருப்பிடித்த குழாய்த் துண்டு மாதிரிதான் தெரியும். வருடம் ஏற ஏற அது பாதுகாப்பாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாதீர்கள், பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, தொலைவுக்கு வந்தபின் 911க்குச் சொல்லுங்கள். தெற்கே சாக்லேட் மலைப்பகுதி இன்றும் குண்டு வீசிப் பழகும் தளம். அங்கே எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது, கோடையில் யோசிக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வண்டியில் ஒரு கேன். சிரியாக்கோவிலேயே பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். 62ஆம் எண் சாலையில் ட்வென்டிநைன் பாம்ஸைத் தாண்டியதும் அடுத்த 100 மைலுக்கு எதுவும் கிடையாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். போனில் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், திரும்பும்போது வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் ஒரு பார்வை பாருங்கள். பாலைவன ஆமைகள் நிழலுக்காக அங்கே வந்து ஒதுங்கும். இருந்தால் தூக்காதீர்கள். பயத்தில் சிறுநீர் விட்டு, சேமித்து வைத்த தண்ணீரை இழந்துவிடும். அதுவாக நகரும் வரை அப்பாவோடு உட்கார்ந்து ஃப்ளாஸ்க் காபியைக் குடித்து முடியுங்கள்.